மல்லாந்து எடுத்த படங்கள்

ஆரம்பாக்கம்
22.1.2024

அண்ணனுக்கு,

குணசுந்தரி எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்தால் கவரைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்துவிடுவாய் என்று பயந்து, முகவரியை ரோசியை எழுதச் சொன்னேன். ரோசி உன் மருமகள். நாலாம் வகுப்பு படிக்கிறாள்.

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் பதில் வராது. தெரிந்தேதான் கேட்கிறேன்.

முகத்துவாரத்தில் அலை படகைத் தூக்கிப் போட்டதில் நீ இன்ஜின் மேல் விழுந்து முதுகெலும்பு உடைந்ததும், வேலூரில் ஆபரேஷன் ஆனதும் நம் குப்பத்துப் படகுக்காரன் பிரதாப் சொல்லித்தான் எனக்குத் தெரியும். போன வியாழக்கிழமை வந்தேன். நீ தூங்கவில்லை என்பதும் தெரியும். தூங்குகிறவன் கண்ணை அவ்வளவு இறுக்கி மூட மாட்டான். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, ஆரஞ்சுப் பழத்தை நர்ஸ் ஜெபசெல்வியிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். கோபம் இல்லை. குப்பத்துக் கல்யாணத்தில் படம் பிடிக்க வந்த ராபர்ட்டை நான் கட்டிக்கொண்ட மறுநாளிலிருந்து பதினோரு வருடமாக நீ பேசியதில்லை. படுக்கையில் விழுந்ததும் பேசிவிடுவாய் என்று நினைத்தது என் தப்பு. போனிலும் என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய். அதனால்தான் கடிதம்.

ஜெபசெல்வி வாசல் வரைக்கும் வந்தார். இன்னும் எட்டு வாரம் நீ மல்லாந்தே கிடக்க வேண்டும், புரளக்கூட ஆள் வேண்டும் என்றார். கூரையில் ஏழு விரிசல் இருக்கிறதாம். எட்டாவது விழுந்திருக்கிறதா என்று தினமும் காலையில் எண்ணுகிறாயாம்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்த ஏழு விரிசல் என்னை விடவில்லை. மறுநாள் மதியம் எங்கள் போட்டோ ஸ்டூடியோவில் ஆள் இல்லாத நேரத்தில் தரையில் மல்லாந்து படுத்தேன். மயங்கி விழுந்துவிட்டேன் என்று ராபர்ட் ஓடி வந்தார். அண்ணன் பார்க்கிறதைப் பார்க்கிறேன் என்றேன். இங்கே படுத்தால் ட்யூப் லைட்தான் தெரியும் என்று சொல்லி என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிப் போனார்.

போனை முதுகு தரையில் படும்படி முருங்கை மரத்தடியில் வைத்து, பத்து விநாடி கழித்துத் தானே படம் எடுக்கும்படி செய்துவிட்டுத் தள்ளி நின்றோம். நீ அங்கே படுத்திருந்தால் உனக்கு என்ன தெரியுமோ அது அப்படியே விழுந்திருக்கிறது. ராபர்ட் பெரிதாகப் பிரிண்ட் போட்டு லேமினேட் செய்து நாலு மூலையிலும் ஓட்டை போட்டிருக்கிறார். உன் கட்டிலுக்கு மேலே கொசுவலைக் கம்பி இருப்பதைப் பார்த்தேன். அதில் கட்டச் சொல்லி ஜெபசெல்விக்குத் தனியாக ஒரு சீட்டு வைத்திருக்கிறேன்.

பதில் எழுத வேண்டும் என்று இல்லை. மரத்தைப் பார்த்துக்கொண்டிரு.

தங்கை என்று போட்டுக்கொள்ளலாமா என்று தெரியாததால் வெறும்
குணசுந்தரி


வேலூர்
2.2.2024

குணசுந்தரிக்கு,

நான் சொல்லச் சொல்ல நர்ஸம்மா எழுதுகிறார். படுத்தபடி மேலே பார்த்து எழுதினால் பேனாவில் மை இறங்க மாட்டேன் என்கிறது.

படம் வந்தது. வேண்டாம் என்றேன். இவர் கேட்காமல் கட்டிவிட்டார்.

உன் முருங்கையில் கம்பளிப்பூச்சி பிடித்திருக்கிறது. இடது பக்கம் மூன்றாவது கிளை பிரியும் இடத்தில் கொத்தாக இருக்கிறது, நீ கவனிக்கவில்லை. பிள்ளை அங்கே விளையாடும். உடம்பில் பட்டால் தடித்துப்போகும். உடனே ஒழித்துக்கட்டு.

மரத்தைப் பார்த்து எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. நான் தண்ணீரில் வளர்ந்தவன். அனுப்புவதானால் ஏரியை அனுப்பு. பழவேற்காட்டில் பிரதாப் ஒன்பது மணிக்குப் படகை எடுப்பான். படகு நடுவில் போனை வை. விளிம்பில் வைத்தால் தண்ணீரில்தான் தேட வேண்டும்.

அட்டை கெட்டியாக இருக்கிறது என்று அந்த ஆளிடம் சொல். வேறு எதுவும் சொல்ல வேண்டாம்.

தெய்வசிகாமணி

இது ஜெபசெல்வி எழுதுவது: உங்கள் அண்ணன் விரிசல் எண்ணுவதை விட்டுவிட்டார். இப்போது பூச்சியை எண்ணுகிறார்.


ஆரம்பாக்கம்
11.2.2024

அன்புள்ள அண்ணா,

பூச்சியை அன்றைக்கே தீப்பந்தம் காட்டி ஒழித்தாயிற்று. ரோசிக்கு உன் கடிதத்தில் அந்த இடம்தான் ரொம்பப் பிடித்தது. மாமாவுக்கு வேலூரிலிருந்தே நம் மரம் தெரிகிறது என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

நேற்று ஏரிக்குப் போனேன். ரயிலில் பொன்னேரி, அங்கிருந்து பஸ். பழவேற்காட்டில் இறங்கியதும் மீன் வாடை மூக்கில் ஏறியது. உடனே போய்விடவில்லை. பஸ் நிற்கும் இடத்தில் ஒரு டீ குடித்து, யாராவது என்னைக் கண்டுபிடிக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். யாரும் கண்டுகொள்ளவில்லை. அதுவும் ஒரு மாதிரி இருந்தது.

பிரதாப் மட்டும் பார்த்ததும் சிரித்தான். "இன்னா குணா, வழி தெரியாம வந்துட்டியா?" என்று கேட்டு, நான் ஏறும்வரை கழியை ஊன்றிப் படகை ஆடாமல் பிடித்துக்கொண்டான். சந்தைக்கு வந்து திரும்பும் நாலைந்து பெண்கள் இருந்தார்கள். நான் போனைப் பலகையில் வைத்துவிட்டுத் தள்ளித் தள்ளி உட்கார்வதைப் பார்த்து, உடம்புக்கு ஏதாவதா என்று ஒருத்தி பிரதாப்பிடமே கேட்டாள். அவங்கண்ணனுக்கு வானம் அனுப்பணுமாம் என்று பிரதாப் சொன்னான். பிறகு யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பேர் காலை மடக்கி இடம் விட்டார்கள்.

இருபத்திரண்டு படம் எடுத்தேன். மூன்றை ராபர்ட் தேர்ந்தெடுத்தார். ஒன்றில் வெறும் வானமும் மேகமும். இன்னொன்று, பூநாரைகள் எங்கள் தலைக்கு மேலேயே போனபோது விழுந்தது. அவற்றின் வயிற்றை நான் இதுவரை பார்த்ததே இல்லை. கழுத்து முன்னால், கால் பின்னால், கோல் மாதிரி நீட்டிக்கொண்டு போகின்றன. மூன்றாவது பிரதாப் கழி போடும்போது எடுத்தது. அவன் தாடையும் கையும் கழியும் மட்டும் தெரியும்.

படகு நம் குப்பத்துக் கரையில் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. நான் அங்கே கால் வைத்தால் தூக்கில் தொங்கிவிடுவேன் என்று அம்மா சொன்னதாக கல்யாணத்துக்கு மறுநாள் நீ போனில் சொன்னாயே, அதற்குப் பிறகு அந்த மணலை நான் மிதிக்கவில்லை. நம் வீட்டுப் பூவரசு மரத்தின் தலை மட்டும் படகிலிருந்து தெரிந்தது. அதே படகில் திரும்பிவிட்டேன்.

சாப்பாடு ஒழுங்காக இறங்குகிறதா? காலில் உணர்ச்சி வந்திருக்கிறதா? ஜெபசெல்வியிடம் சொல்லியாவது எழுது.

உன்
குணா


வேலூர்
19.2.2024

குணா,

வலது கால் கட்டைவிரலை நேற்று அசைத்தேன். டாக்டர் நான்கு மாணவர்களைக் கூட்டி வந்து மறுபடி அசைக்கச் சொன்னார். அசைந்தது.

மூன்று படமும் கட்டியாயிற்று. பிரதாப்புக்குக் கழுத்தில் சதை தொங்க ஆரம்பித்துவிட்டது. அவனிடம் சொல்லாதே. மேகத்தைப் பார்த்தால் வாடைக்காற்று முடிந்துவிட்டது போலிருக்கிறது. இனி மூன்று வாரம் ஏரியில் இறால் இருக்கும். நான் இங்கே கிடக்கிறேன்.

பக்கத்துக் கட்டிலில் சம்பந்தம் என்று ஒருவர், குடியாத்தத்துக்காரர். தென்னை மரத்திலிருந்து விழுந்தவர். பூநாரையைப் பார்க்கக் கட்டிலை இரண்டடி நகர்த்தச் சொன்னார். எனக்கும் ஒன்று வேண்டும், ஆனால் தென்னை மட்டும் வேண்டாம் என்கிறார். முடிந்தால் ஏதாவது அனுப்பு.

இன்னும் ஒரு இடம் இருக்கிறது. நம் வீட்டுக் கொல்லையில் பூவரசு மரத்துக்கும் சுவருக்கும் நடுவில் வலை காயப்போடும் இடம். நம் நைனா உயிரோடு இருந்தபோது மத்தியானம் நாம் இரண்டு பேரும் வலைக்கு அடியில் படுத்துக்கிடப்போமே, அங்கே. வலைக்குள்ளே வானம் கட்டம் கட்டமாகத் தெரியும். அதைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் போ. பின்பக்கமாகப் போ. நான் சொல்கிறேன், போ. ஒன்றும் ஆகாது.

தெய்வசிகாமணி


ஆரம்பாக்கம்
2.3.2024

அண்ணா,

நேற்று வெள்ளிக்கிழமை. போனேன்.

அம்மா மீன் கூடையோடு பழவேற்காடு போயிருப்பாள், யாருக்கும் தெரியாமல் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்துத்தான் படகிலிருந்து இறங்கினேன். வெள்ளிக்கிழமை அம்மா கூடை தூக்குவதில்லை என்பதை நான் மறந்துவிட்டேன். நீ மறந்திருக்க மாட்டாய்.

வலை காய்ந்துகொண்டிருந்தது. அடியில் போனை வைத்துவிட்டுச் சுவர் ஓரமாகக் குந்தினேன். பத்து விநாடி ஓடிக்கொண்டிருக்கும்போதே அம்மா உள்ளேயிருந்து வந்துவிட்டாள். என்னைக் கவனிக்கவில்லை. தரையில் ஏதோ பளபளப்பதைப் பார்த்து, வலையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு குனிந்தாள். அப்போது படம் விழுந்துவிட்டது. இந்தக் கவரில் இருப்பது அதுதான். வலையும் வானமும் பின்னால் போய்விட்டன. முழுக்க அம்மா முகம்.

நான் எழுந்து நின்றேன். ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அம்மா நிமிர்ந்து பார்த்தாள். கத்தவில்லை. அடிக்கவில்லை. வலையைக் கீழே விட்டுவிட்டுக் கேட்டாள்:

"பதினோரு வருசமா ஏண்டி வரல? நான் உனக்கு இன்னா பண்ணேன்?"

எனக்குப் புரியவில்லை. நீதானேம்மா வரக்கூடாதுன்னு சொன்னே என்றேன். அம்மா என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள். வீட்டுக்குள் போய் மஞ்சள் துணியில் முடிந்த ஒரு பொட்டலத்தை எடுத்து வந்தாள். குழந்தைக்குப் போடும் சின்னத் தோடு. ரோசி பிறந்தபோது நைனாவின் மோதிரத்தை அழித்துச் செய்ததாம். உன்னிடம் கொடுத்து அனுப்பினாளாம். அவள் வாங்கமாட்டேன்னுட்டா, உங்க சாதிசனமே வேணாம்னு சொல்லிட்டா என்று நீ திருப்பிக் கொண்டு வந்து கொடுத்தாயாம்.

நீ என் வீட்டுக்கு வந்ததே இல்லை, அண்ணா.

வெயில் ஏறும்வரை இரண்டு பேரும் அந்த மணலில் உட்கார்ந்திருந்தோம். அம்மா கெளுத்திக் குழம்பு சுட வைத்துப் போட்டாள். வெள்ளிக்கிழமையில் மீன் தின்கிறோமே என்று நான் சொன்னதற்கு, சாமி பார்த்துக்கும் தின்னு என்றாள். கிளம்பும்போது கேட்டாள், அப்ப யார்தான் இப்படி மாத்திச் சொன்னது என்று. எனக்குத் தெரியலம்மா என்று சொல்லிவிட்டேன். அவள் தோட்டை என் கையில் வைத்து மூடினாள். ரோசியின் காதுக்கு அது இனி போதாது.

படத்தை அனுப்ப வேண்டாம் என்று ராபர்ட் சொன்னார். படுத்துக்கிடக்கிற மனுஷன் என்றார். நான் அனுப்புகிறேன். ஏன் செய்தாய் என்று எனக்குத் தெரிய வேண்டும். நர்ஸிடம் சொல்லி எழுத வைக்காதே.

குணசுந்தரி

சம்பந்தத்துக்காக ஸ்டேஷன் ஆலமரத்தைச் சுருட்டித் தனியாக வைத்திருக்கிறேன். அவர் என்ன தப்பு செய்தார்.


வேலூர்
11.3.2024

குணா,

பென்சிலில் எழுதுகிறேன். பென்சில் என்றால் தலைகீழாகவும் எழுதுகிறது. கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

அம்மா படத்தைக் கட்டச் சொன்னேன். மற்றதையெல்லாம் அவிழ்க்கச் சொல்லிவிட்டு அது ஒன்றை மட்டும் கட்டச் சொன்னேன். ஆறு நாளாயிற்று. கண்ணைத் திறந்தால் அம்மா குனிந்து பார்க்கிறாள். என்னால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்ப முடியாது.

அம்மா உன்னை வரக்கூடாது என்று சொல்லவே இல்லை. தூக்கு என்றது, சாவேன் என்றது, எல்லாம் நான் சொன்னது. கல்யாணம் நடந்த அன்று ராத்திரி அழுதாள். மறுநாள் காலையில், போய்க் கூட்டிக்கிட்டு வாடா, எத்தினி நாள் கோவம் என்றாள். நான்தான் கோபமாக இருந்தேன். எனக்குப் பெண் பேசி வைத்திருந்தது உனக்குத் தெரியும். தை மாதம் கல்யாணம். உன் விஷயம் தெரிந்து அவர்கள் பேச்சை முறித்துக்கொண்டார்கள். அந்தப் பெண்ணை இரண்டே முறைதான் பார்த்திருக்கிறேன். அவளுக்காகவா இத்தனை செய்தேன் என்று இப்போது யோசித்தால் இல்லை. குப்பத்தில் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று நினைத்துக்கொண்டேன். யாரும் அவ்வளவு சிரிக்கவும் இல்லை.

முதல் பொய்யை ஒரு மாதத்துக்கு என்றுதான் சொன்னேன். உன்னிடம் ஒன்று, அம்மாவிடம் ஒன்று. ஒரு மாதம் கழித்து எடுத்துவிடலாம் என்று இருந்தேன். எடுத்தால் இரண்டு பேருக்கும் நான் யார் என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு வருடமும் பொங்கலுக்கு அம்மா கேட்பாள். ஒவ்வொரு வருடமும் ஏதாவது சொல்வேன்.

தோடு விஷயத்தில் ஒன்று உண்மை. நான் ஆரம்பாக்கம் வந்தேன். உங்கள் ஸ்டூடியோவுக்கு எதிரே வளையல் கடை வாசலில் நின்றேன். ராபர்ட் ஒரு கிழவருக்குப் பாஸ்போர்ட் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். கிழவரின் சட்டைக் காலரை இழுத்துவிட்டு, சீப்பு எடுத்துத் தலை வாரிவிட்டு, அப்புறம் எடுத்தார். அதைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் நின்றேன். அந்த ஆளைக் கெட்டவன் என்று வைத்துக்கொண்டால்தான் எனக்குக் காலம் ஓடும். சாலையைத் தாண்டாமல் திரும்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை என்று தெரிந்துதான் எழுதினேன். வாயால் சொல்லத் தைரியம் இல்லை. அதனால் உன்னை அங்கே அனுப்பினேன். அதுவும் கோழைத்தனம்தான்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல அம்மா வந்தாள். கட்டிலுக்கு மேலே தன் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. இட்லியைப் பிட்டு ஊட்டினாள். கேட்டுவிட்டால் நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே தின்றேன். நானும் சொல்லவில்லை.

28ஆம் தேதி அனுப்பிவிடுவார்களாம். ஆறு மாதம் சக்கர நாற்காலி. பிறகு கோல் ஊன்றி நடக்கலாம் என்கிறார்கள். குப்பத்து மணலில் நாற்காலி நகராது. படகிலும் ஏற்ற முடியாது. என்னைப் போன்றவர்கள் தங்க இங்கேயே ஒரு இல்லம் இருக்கிறது. எழுதிக் கொடுத்திருக்கிறேன். உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன், வேறு ஒன்றுக்கும் இல்லை.

சிகாமணி


ஆரம்பாக்கம்
17.3.2024

அண்ணா,

உன் கடிதத்தை மூன்று நாள் பீரோவில் வைத்திருந்தேன். எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். முந்தாநாள் ராபர்ட்டிடம் கொடுத்தேன். அவர் படித்தார். சாப்பிட்டுவிட்டுப் போய்க் கொத்தனாரைக் கூட்டி வந்தார். ஸ்டூடியோவுக்குப் பின்னால் பழைய கேமரா, ஸ்டாண்டு எல்லாம் போட்டு வைத்திருக்கும் அறைக்கு வாசல்படி இருக்கிறது. அதை இடித்துச் சாய்வாகச் சிமெண்ட் போட்டாயிற்று. நாற்காலி நேராக உள்ளே போகும். பாத்ரூம் கதவை அகலப்படுத்தும் வேலை பாக்கி இருக்கிறது. புதன்கிழமைக்குள் முடியும்.

இல்லத்துக்கு எழுதிக் கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொள். ஜெபசெல்வியிடம் போனில் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்டுச் செய்யவில்லை.

மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. பிரசவத்தின்போது எனக்குப் பக்கத்தில் இருந்தது ராபர்ட்டின் சித்திதான். நல்ல மனுஷி. ஆனாலும் வலி வந்தபோது நான் அம்மா அம்மா என்றுதான் கத்தினேன். அம்மாவுக்கு வர மனசில்லை என்று நினைத்துக்கொண்டே கத்தினேன். அந்த ஒரு நாளை நீ எனக்குத் திருப்பித் தர முடியாது. அது எனக்கு உன் மேல் எப்போதும் இருக்கும். அதை வைத்துக்கொண்டே உனக்குச் சோறு போடவும் என்னால் முடியும். இரண்டையும் சேர்த்துச் செய்யலாம் என்று இந்த மூன்று நாளில் எனக்குத் தெரிந்தது.

அம்மாவும் இங்கேயே இருக்கப்போகிறாள். உன்னைப் பார்த்துக்கொள்ள என்று சொல்கிறாள். குப்பத்து வீட்டுச் சாவியைப் பிரதாப் மனைவியிடம் கொடுத்துவிட்டு, இரண்டு பாத்திரமும் அரிவாள்மணையுமாக நேற்றே வந்து இறங்கிவிட்டாள். வந்த உடனே இந்த ஊர் மீனை முகர்ந்து பார்த்து, ஐஸில் மூன்று நாள் கிடந்த மீன் என்று கடைக்காரனிடம் சண்டை போட்டாள். ரோசி அவளை விட்டு நகர்வதில்லை. அவர்கள் இரண்டு பேரும் இப்போது முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார்கள். ரோசி கேட்ட கேள்விக்கெல்லாம் அம்மா பதில் சொல்கிறாள்.

ஒன்றே ஒன்று மட்டும் நான் செய்யமாட்டேன், உனக்காக அம்மாவிடம் சொல்லமாட்டேன். யார் மாற்றிச் சொன்னது என்று அன்றைக்குப் பிறகு அம்மா என்னைக் கேட்கவில்லை. உன்னைத்தான் கேட்பாள். கேட்கவில்லை என்றாலும் நீ சொல்ல வேண்டும். ரோசி பள்ளிக்கூடத்துக்குப் போன பிறகு, நீங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது சொல். கடிதத்தில் எனக்கு எழுதினாயே, கிழவர் காலரை இழுத்துவிட்டது வரைக்கும், அதை அப்படியே சொல். அம்மா என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது. அழலாம். பேசாமல் இருக்கலாம். ஆறு மாதமும் பேசாமல் இருக்கலாம். தாங்கிக்கொள்.

28 வியாழக்கிழமை. மறுநாள் புனித வெள்ளி, ஸ்டூடியோ லீவு. அன்றைக்கும் சேர்த்து மூடிவிட்டு ராபர்ட்டும் வருகிறார். வேனில் சீட்டைக் கழற்றி மெத்தை போட்டு, காலை ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் இருப்போம். முகச்சவரம் செய்து வைக்கச் சொல்.

வேலூரிலிருந்து இங்கே வர நாலு மணி நேரம் ஆகும். அம்மாவிடம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டு வா. வேனில் நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்க மாட்டேன்.

உன் தங்கை,
குணா